மறதி நோய் வந்த பிறகு புது போன் பழகியவர்கள் உங்கள் வீட்டில் உண்டா?

பாலக்கோட்டிலிருந்து:
அப்பாவுக்கு அல்சைமர் என்று தெரிந்த பிறகுதான் டச் போன் வாங்கினோம். ஓசூர் தம்பி சாயங்காலம் 6 மணிக்கு வீடியோ காலில் வருவான். ஒரு மாதம் பக்கத்தில் உட்கார்ந்து விரலைப் பிடித்துப் பழக்கினேன். யார் சொல்லித் தந்தது என்று கேட்டால் "யாரும் தரலையே" என்பார். ஆனால் மணி அடித்ததும் விரல் தானாகப் பச்சைக்குப் போகும். போன மாசம் பேட்டரி நிற்கவில்லை என்று வேறு போன் கொடுத்தேன். அதில் பச்சையை மேலே தள்ள வேண்டும். அவர் தொட்டுக்கொண்டே இருந்தார். "நேத்துதானே சொன்னேன்" என்று கத்திவிட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துப் போனைத் துடைத்தார். மறுபடி தொட்டார், மறுபடி துடைத்தார். அந்தத் துண்டு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
என் மாமியாருக்குப் பேத்திதான் மைக்கைத் தொட்டு "மணி என்ன" என்று கேட்கப் பழக்கினாள். எங்களிடம் கேட்டால் நாலாவது தடவை முகம் சுளிப்போம். போன் எத்தனை தடவை கேட்டாலும் அதே குரலில் சொல்லும். ஒருநாள் மாங்காய் லோடு ஏற்றிவிட்டு வந்து பார்க்கிறேன், போன் பக்கத்தில் ஒரு டம்ளர் ராகிக் கூழ். "காலையிலேர்ந்து பேசுது அந்தப் பொண்ணு, ஒரு வாய் குடிக்கலை" என்றார் அத்தை. டம்ளரை எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

அரூரிலிருந்து:
பாலக்கோடு அண்ணா, போனை மாற்றியதுதான் தப்பு. நேற்று நடந்தது மறந்தாலும் கை பழகிய வேலை ரொம்ப நாள் தங்கும். களி கிண்டும் கை மறக்காததும் அதனால்தான். ஞாபகம் இருக்கா என்று சோதிக்காதீர்கள். தப்பாகத் தொடவிட்டுத் திருத்தாதீர்கள், அந்தத் தப்பும் கையில் பதிந்துவிடும். விரல் தவறுமுன் நீங்களே பிடித்துக் காட்டுங்கள். அரை நிமிடம் கழித்து ஒருமுறை, அப்புறம் 1 நிமிடம், 2, 4 என்று இடைவெளியைக் கூட்டுங்கள். ஒரு சமயம் ஒரே வேலை. தானாக அப்டேட் ஆவதை நிறுத்துங்கள். பணம் அனுப்பும் ஆப் அந்தப் போனில் வேண்டவே வேண்டாம், ஓடிபி கேட்டு ஏமாற்ற ஆள் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567, கட்டணம் கிடையாது. எங்கள் அம்மா டிவி ரிமோட்டைக் காதில் வைத்து அண்ணனோடு பேசுவார். முன்பு பிடுங்குவேன், இப்போது விட்டுவிடுகிறேன்.

காவேரிப்பட்டணத்திலிருந்து:
அரூர் அக்கா, தப்பு என்று ஒரே வரியில் சொல்லாதீர்கள். கெட்டுப்போன போனை வைத்து அவர் என்ன செய்வார்? பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறவரிடம் குற்றம் சொல்ல வேண்டாம்.

பாலக்கோட்டிலிருந்து:
பரவாயில்லை, அக்கா சொன்னது சரிதான். தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பழைய போனுக்கே பேட்டரி மாற்றினேன். நேற்று 6 மணிக்கு அடித்தது, பச்சையைத் தொட்டார். தம்பியைப் பார்த்து எங்கள் பெரியப்பா பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். பெரியப்பா போய் 12 வருடம் ஆகிறது. தம்பி "ம், சொல்லு" என்றான். தக்காளி விலை பற்றி இருவரும் வெகு நேரம் பேசினார்கள்.