பழைய பட்டு ஸ்ட்ரிங் ஏழு சுருள் கிடைச்சிருக்கு, குச்சின்ல மாட்டலாமா வேண்டாமா?

சூசோவாசி:

எல்லாருக்கும் வணக்கம், ரொம்ப நாளா சத்தமில்லாம படிச்சிட்டு மட்டும் போறவன், இப்பதான் முதல் தடவையா கேள்வி போடறேன். வேலை விஷயமா சீனாவுல சூசோவுல இருக்கேன், ரெண்டு வருஷமா சனிக்கிழமை தோறும் குச்சின் கத்துக்கறேன். தெரியாதவங்களுக்கு: மேஜை மேல படுக்க வச்சு வாசிக்கிற ஏழு நரம்பு வாத்தியம், நாலடி நீளம் இருக்கும், வீணையில இருக்கற மாதிரி மெட்டு எதுவும் கிடையாது, பலகை மேலயே இடது கை விரல் வழுக்கிட்டுப் போகும், ஓரத்துல பதிச்ச 13 புள்ளிதான் அடையாளம். கோட்டுவாத்தியத்துல உருளைக்கட்டைய எடுத்துட்டு வெறும் விரலால வாசிச்சா எப்படி இருக்கும்னு நினைச்சுக்கோங்க, கிட்டத்தட்ட அது.

விஷயத்துக்கு வர்றேன். எங்க லாவ்ஷிக்கு (அதான் டீச்சர்) தெரிஞ்ச ஒரு பாட்டி வீட்டை காலி பண்றாங்க, அவங்க வீட்டுக்காரர் வாசிச்சவராம், அலமாரியில இருந்து ஒரு பொட்டலம் வந்துச்சு, லாவ்ஷி "உனக்குதான் பழசு மேல ஆசையாச்சே"ன்னு என் கையில குடுத்துட்டார். பிரிச்சா ஏழு காகித உறை, ஒவ்வொண்ணுலயும் ஒரு சுருள். கருப்பட்டிப் பாகு காய்ஞ்ச கலர், ஊதுபத்தி மாதிரி விறைப்பா நிக்குது. உறை மேல சிவப்பு மசியில அச்சு, பாதி அழிஞ்சு போச்சு, "ஜோங்சிங்"ங்கற எழுத்து மட்டும் நல்லா படிக்க முடியுது. என் வாத்தியத்துல இப்ப இருக்கறது ஸ்டீல்-நைலான்தான், பட்டு நான் மாட்டினதே இல்ல.

கேள்வி ரெண்டு. இது நிஜமாவே பழசா, எப்படி கண்டுபிடிக்கிறது? மாட்டி வாசிக்கலாமா இல்ல அப்படியே வச்சிடணுமா? ஒரு மாசமா மேஜை மேலயே கிடக்கு, தினமும் பாக்கறேன், தொடறதுக்கு பயமா இருக்கு.

வால்நட்சத்திரம்:

இதுல யோசிக்க என்ன இருக்கு ஜி, ஸ்ட்ரிங்னா மாட்டறதுக்குதானே, மாட்டி ரெக்கார்ட் பண்ணி இங்க போடுங்க கேப்போம்.

நூல்கண்டு:

அவசரப்படாதீங்க சூசோவாசி, மேல சொன்னத காதுல வாங்காதீங்க (வால்நட்சத்திரம், கோச்சுக்காதீங்க).

முதல்ல அது குச்சின் ஸ்ட்ரிங்தானான்னு பாருங்க. பழைய பட்டு நரம்புன்னு வர்றதுல பாதி வேற வாத்தியத்தோடது, பிப்பா இருக்கும், சான்ஷியென் இருக்கும், சில சமயம் ஜப்பான் கோட்டோவோடது கூட வரும். கோட்டோன்னா 13 நரம்பு, எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன். ஷாமிசென் (அதுவும் ஜப்பான் வாத்தியம்தான்) நரம்புன்னா மஞ்சளா இருக்கும், நிஜமாவே நம்ம மஞ்சள் கிழங்குலதான் சாயம் போட்டிருக்காங்க அந்தக் காலத்துல, எனக்கு இது தெரிஞ்ச அன்னிக்கு நாள் பூரா சிரிச்சிட்டு இருந்தேன். குச்சின்ல ஏழும் ஏழு தடிமன். அதுல ஒண்ணுல இருந்து நாலு வரைக்கும் உள்ள முறுக்கின பட்டுக்கு மேல மெல்லிசா இன்னொரு பட்டு இழைய நெருக்கமா சுத்தியிருப்பாங்க, அஞ்சு ஆறு ஏழு வெறும் முறுக்கு மட்டும். லென்ஸ் வச்சு பாத்தா பளிச்சுன்னு தெரியும். நீளமும் பாருங்க, தலைப் பக்கம் நரம்பு ஏறி நிக்கிற பாலத்துல முடிச்சு, வால் பக்கம் மடங்கி அடியில "வாத்துக்கால்" குமிழ்ல சுத்தணும், அதனால ஒவ்வொண்ணும் வாத்தியத்த விட நல்லா நீளமா இருக்கணும். சுருள விறைப்பா இருக்கும்போது நீட்டிப் பாக்காதீங்க, எத்தனை சுத்துன்னு எண்ணி ஒரு சுத்தோட விட்டத்த அளந்தாலே கணக்கு வந்துடும்.

"ஜோங்சிங்"ங்கறது கம்பெனி பேரு இல்ல, தடிமன் வகை. அதை விட கனமானது ஜியாஜோங். பேரு பாக்கணும்னா அழிஞ்ச பக்கத்த சாய்ச்ச வெளிச்சத்துல பாருங்க. உங்க ஊர்லயே ஃபாங் யூஜாய்ங்கற பழைய நரம்புக் கடை பேரு ரொம்பப் பிரபலம், 1936-ல சூசோவுல ஆரம்பிச்ச ஜின்யூ குச்சின் சங்கத்துக்காரங்களுக்கு நரம்பு போட்டது அவங்கதான். ஹாங்ஜோவுல ஹுய்ஹுய்தாங்னு ஒண்ணு இருந்துச்சு, அந்தக் கைப்பக்குவம் போயே போச்சு.

வயசு விஷயத்துல ஒண்ணு சொல்றேன், பழுப்பா இருக்கறத வச்சு பழசுன்னு முடிவு பண்ணாதீங்க. சீனாவுல கலாச்சாரப் புரட்சி (1966-76) சமயத்துல பட்டு நரம்பு செய்யறது படுத்துடுச்சு, 1970கள்ல நைலான் சுத்தின ஸ்டீல் வந்து எல்லாரும் அதுக்கு மாறிட்டாங்க. ஆனா பிற்பாடு சூசோவுல மறுபடியும் பட்டு செய்ய ஆரம்பிச்சாங்க. ஜன்னல் ஓரமா இருந்த பட்டு பத்து வருஷத்துல கூட கருப்பட்டி கலர் ஆகிடும். உறையோட காகிதமும் அச்சும் சொல்ற அளவுக்கு நரம்பு சொல்லாது, அதனால உறைய மடிக்காம பத்திரமா வைங்க.

மழைக்காலம்:

தம்பி, நான் பண்ணின முட்டாள்தனத்த சொல்றேன், நீங்களாவது தப்பிச்சுக்கோங்க. எனக்கும் இதே மாதிரி விறைச்சுப் போன பழைய சுருள் மூணு கிடைச்சுது. ஒரு வாத்தியக் கடையில (பேரு வேண்டாம்) கேட்டேன், வெதுவெதுன்னு தண்ணியில அரை மணி நேரம் ஊற வைங்க மேடம் இளகிடும்னாங்க, நானும் அப்படியே பண்ணினேன். இளகுச்சுதான். எப்படி இளகுச்சுன்னா தண்ணி கலங்கலாகி விரல்ல பிசுபிசுன்னு ஒட்டுது, எடுத்து காயப்போட்டா மேல சுத்தின இழையெல்லாம் தளர்ந்து நரம்பு பூரா பூனை வால் மாதிரி சிலும்பி நிக்குது. அப்புறம்தான் தெரிஞ்சுது, பட்டு இழைகள முறுக்கி மீன் பசையில வேக வச்சுதான் இந்த நரம்பு செய்யறாங்க, அந்தப் பசைதான் எல்லாத்தையும் ஒண்ணா பிடிச்சு வச்சிருக்கு. நான் அத்தனையையும் டப்பாவுல கரைச்சு சிங்க்ல ஊத்திட்டேன்!!

லேசா சிலும்பினா அதுக்கு வழி இருக்கு. பைஜின்னு ஒரு ஆர்கிட் கிழங்கு, சீன மருந்துக் கடையில காய்ஞ்ச சில்லு சில்லா விப்பாங்க, அதை ஊறப் போட்டா கொழகொழன்னு சாறு வரும், அதை துணியில நனைச்சு, மாட்டின நரம்பு மேல ஒரே திசையில இழுத்து தடவி காய விடணும். வாசிக்கிற பட்டுக்கே அப்பப்ப இதை செய்வாங்க. ஆனா எனக்கு நடந்த மாதிரி மொத்தமா கரைஞ்சதுக்கு பைஜி எல்லாம் பத்தாது.

விறைப்ப எடுக்கணும்னா ஈரப்பதமான நாள்ல உறைய திறந்து ரெண்டு நாள் சும்மா வச்சிடுங்க, காத்துல இருக்கற ஈரத்தையே பட்டு குடிச்சுக்கும். உங்க ஊர்ல ஜூன்ல அந்த பிளம் மழை வருமே, அப்ப வேற ஒண்ணுமே செய்ய வேண்டாம், பூஞ்சை மட்டும் பிடிக்காம பாத்துக்கோங்க, பசை இருக்கறதால பூச்சிக்கும் பூஞ்சைக்கும் அது விருந்து.

கணக்குவாத்தியார்:

நடுவுல கொஞ்சம் கணக்கு. யாராவது "ஏழாவது ரொம்ப மெல்லிசு அதான் அறுந்துடும், தடியா போட்டா நிக்கும்"னு சொன்னா நம்பாதீங்க. ஒரே நீளத்துல ஒரே பொருள்ல ஒரே சுருதி வேணும்னா, தடிமன் எவ்வளவா இருந்தாலும் ஒரு சதுர மில்லிமீட்டர் மேல விழற இழுவிசை மாறாது. தடியா போட்டா மொத்தமா அதிகமா இழுக்கணும், அவ்வளவுதான், இழைக்கு வர்ற கஷ்டம் அதேதான். அந்தக் கஷ்டம் அதிர்வெண்ணோட வர்க்கத்துல ஏறும். குச்சின்ல எல்லா நரம்பும் ஒரே நீளம், முதல் நரம்பு கீழ் ஸி, ஏழாவது அதுக்கு மேல் ஸ்தாயி டி, அதாவது ரெண்டேகால் மடங்கு அதிர்வெண். ரெண்டேகாலை ரெண்டேகாலால பெருக்கினா அஞ்சுக்கு கொஞ்சம் மேல. அப்ப ஏழாவதுல இருக்கற ஒவ்வொரு பட்டு இழையும் முதல் நரம்புல இருக்கறத விட அஞ்சு மடங்கு இழுபடுது. வயசான பட்டுல எது முதல்ல போகும்னு இதுக்கு மேல சொல்லணுமா. ரெண்டு அரைஸ்வரம் இறக்கி கட்டினாலே இழுவிசை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சிடும், பட்டு வாசிக்கிறவங்க பலபேர் சுருதிய இறக்கி வைக்கிறது சும்மா இல்ல.

ஓலைச்சுவடி:

என் கட்சி வேற. மாட்டவே கூடாது. வாசிக்கிறதுக்கு புது பட்டு வாங்கிக்கலாம், இப்ப சூசோவுலயும் செய்யறாங்க, ஜப்பான்ல ஷிகா பக்கமும் செய்யறாங்க. பழைய நரம்புல இருக்கற விஷயம் சத்தம் இல்லைங்க, அது நாள்பட பட்டு நைஞ்சு போனதும் போயிடும், அந்தக் காலத்து சத்தம்னு நாம கேக்கறது கிழட்டு சத்தம். மிச்சம் இருக்கறது என்னன்னா எத்தனை இழை, ஒரு அங்குலத்துல எத்தனை முறுக்கு, எந்தப் பக்கம் முறுக்கு, மேல் சுத்து எவ்வளவு நெருக்கம். ஒரு தடவை சுருதிக்கு இழுத்துட்டீங்கன்னா முறுக்கு கோணம் மாறிடும், அப்புறம் அளந்து பிரயோஜனம் இல்ல. பழைய பட்டு எப்படி ஒலிச்சுதுன்னு கேக்கணுமா, குவான் பிங்ஹுங்கற குச்சின் மேதை வாசிச்ச "லியூ ஷுய்"ங்கற பாட்டோட ரெக்கார்டிங் இருக்கு, 1977-ல வாயேஜர் விண்கலத்து தட்டுல வச்சு விண்வெளிக்கு அனுப்பினதே அதைத்தான், ஏழரை நிமிஷம், ஹெட்போன்ல கேளுங்க, விரல் நரம்பு மேல உரசிட்டுப் போற "சர்ர்"னு ஒரு சத்தம் ஸ்வரத்துக்கு சமமா கேக்கும். ஸ்டீல்ல வாசிக்கிறவங்க அதை இரைச்சல்னுவாங்க. எனக்கு அதுதான் பாட்டே.

நூல்கண்டு:

ஓலைச்சுவடி சொல்றதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன், ஆனா ஏழையும் பெட்டியில பூட்டி வைக்கிறதுல எனக்கு சம்மதம் இல்ல. எல்லாத்தையும் அளந்து போட்டோ எடுத்து எழுதி வச்சிட்டு, சுத்து இருக்கற தடி நரம்புல ஒண்ணே ஒண்ண, மூணாவதோ நாலாவதோ, இறக்கின சுருதியில மாட்டிப் பாக்கறதுல தப்பில்ல. கூடவே ஒண்ணு, ஸ்டீல கழட்டும்போது ஏழையும் ஒரேயடியா தளர்த்தாதீங்க, ஒண்ண மட்டும் மாத்துங்க. பாலம் ஏறுற இடத்துலயும் வால்ல மடங்குற இடத்துலயும் ஸ்டீல் அறுத்த பள்ளம் இருந்தா நைசா தேய்ச்சு விடுங்க, கூர்மையான ஓரம் பட்டுக்கு பிளேடு மாதிரி.

பட்டா இல்லையாங்கற சந்தேகம் இருந்தா, நுனியில ஒரு நகக்கண் அளவு இழை, தீக்குச்சி. முடி கருகற வாடை வந்து சாம்பல் விரல்ல பொடிஞ்சா பட்டு. உருண்டு கெட்டியா மணி மாதிரி ஆனா நைலான்.

சூசோவாசி:

எல்லாருக்கும் பெரிய நன்றி, மூணு வாரம் கழிச்சு வர்றேன் மன்னிச்சிடுங்க.

நிலவரம் இது. லென்ஸ் வச்சு பாத்தேன், நாலு சுருள்ல மேல் சுத்து இருக்கு, மீதி மூணுல இல்ல, அளவு எடுத்தா ஏழும் ஏழு தடிமன், குச்சின்தான். சிலும்பின ஒரு இழைய கொளுத்தினேன், பக்கத்து ரூம்ல இருந்த வீட்டம்மா "முடிய எரிச்சுக்கிட்டியா"ன்னு ஓடி வந்தாங்க, அதனால பட்டுதான். உறைய டார்ச் சாய்ச்சு பாத்ததுல இன்னும் ரெண்டு எழுத்து தெரிஞ்சுது, லாவ்ஷி பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம மூக்குக் கண்ணாடிய கழட்டி துடைச்சார், அப்புறம் உறைய மட்டும் ஒரு வாரம் கடனா வாங்கிட்டுப் போயிருக்கார். என்னன்னு சொல்ல மாட்டேங்கறார்.

ஏழாவது பத்தி எல்லாரும் எச்சரிச்சீங்க, மாட்டக்கூட இல்ல, உறையில இருந்து எடுத்து சுருள லேசா விரிச்சேன், மடிப்பு இருந்த இடத்துல "டிக்"னு ரெண்டா போச்சு. சேமியா உடையற சத்தம்தான். ஓலைச்சுவடி அண்ணா திட்டாதீங்க, அதுக்கு முன்னாடியே அளந்துட்டேன்.

மூணாவத மட்டும் மழை நாள்ல ரெண்டு நாள் திறந்து வச்சு மாட்டினேன், ரெண்டு அரைஸ்வரம் இறக்கி. முதல் நாள் அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை சுருதி இறங்கிச்சு, ரெண்டாம் நாள் நின்னுடுச்சு. பக்கத்துல ஸ்டீல் நாலாவத மீட்டினா கணீர்னு ரொம்ப நேரம் நிக்குது, இது பாதி சத்தம்தான், சீக்கிரம் அடங்கிடுது, ஆனா அடங்கறப்போ விரல நகர்த்தினா அந்த "சர்ர்" இருக்கே, ஓலைச்சுவடி சொன்னது, அது என் சொந்த மேஜையில கேட்டுது. பத்து நிமிஷம் வாசிச்சிட்டு கழட்டி உறையில போட்டுட்டேன். புது பட்டு செட் ஒண்ணு சொல்லி வச்சிருக்கேன்.

இப்ப அடுத்த கேள்வி, பாலத்துகிட்ட போடற அந்த ஈத்தலை முடிச்சு, எனக்கு பட்டுல மட்டும் நழுவுது, ஸ்டீல்ல நிக்குது. யாராவது எப்படி போடறதுன்னு படிப்படியா சொல்றீங்களா?

மழைக்காலம்:

முடிச்சு போடறதுக்கு முன்னாடி அந்த நுனி ரெண்டு அங்குலத்த மட்டும் எச்சி தொட்டு ஈரமாக்குங்க தம்பி, ஈரத்துலயே இறுக்கிட்டு காயற வரைக்கும் இழுக்காதீங்க. தண்ணி டப்பா பக்கமே போகாதீங்க.