மகனுக்கு கேமிங் கணினி: டெஸ்க்டொப்பா, லெப்டொப்பா, ஓ.எல். முடியட்டுமா?

கொட்டகலைக்காரி:
எல்லோருக்கும் வணக்கம். மகன் தரம் 10 படிக்கிறான், அடுத்த வருஷம் ஓ.எல். பரீட்சை. இவ்வளவு நாளும் என் போனில் ஃப்ரீ ஃபயர் ஆடியவன் இப்போது கேமிங் கணினிதான் வேண்டும் என்று நிற்கிறான். வெலோரன்ட், ஜி.டி.ஏ. 5 என்ற இரண்டு கேமும் ஓட வேண்டுமாம். வீடியோ எடிட்டிங்கும் பழகப் போகிறானாம். கத்தாரில் இருக்கும் என் தம்பி பணம் அனுப்புகிறான். சீட்டுக் காசையும் சேர்த்தால் மொனிட்டரோடு இரண்டரை இலட்சம் வரை போகலாம். தோட்டத்து வீடு. இரவு ஏழு மணியானால் பல்பு மங்கிவிடும், மழைக்காலத்தில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்லவே முடியாது. ஒரு கடையில் லெப்டொப் எடுங்கள் என்கிறார்கள், இன்னொரு கடையில் டெஸ்க்டொப் என்கிறார்கள். எதை எடுப்பது?

சோல்டர் அண்ணன்:
ஹட்டனில் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன் அக்கா. டெஸ்க்டொப் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம். உங்கள் காசுக்குக் கிடைக்கும் கேமிங் லெப்டொப்பில் பெரும்பாலும் ஆர்.டி.எக்ஸ் 2050 அல்லது 3050 என்ற கிராஃபிக்ஸ் கார்ட் இருக்கும், கிராஃபிக்ஸ் மெமரி 4 ஜி.பி. தான். புதிய கேம்களுக்கு அது போதாது. கழற்றி வேறு போடவும் வழியில்லை, போர்டிலேயே பற்றவைத்து வருகிறது. டெஸ்க்டொப்பில் இப்போதைக்கு ரைசன் 5 5600ஜி என்ற ப்ரொசெசரைப் போடுங்கள். அதற்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது. வெலோரன்ட் தாராளமாக ஓடும், ஜி.டி.ஏ. 5ஐ செட்டிங்கைக் குறைத்து ஆடலாம். தனி கிராஃபிக்ஸ் கார்டை பிறகு காசு வரும்போது போட்டுக்கொள்ளலாம்.

பேராதனை மழை:
அண்ணன் சொல்வது கொழும்பில் இருப்பவனுக்குப் பொருந்தும். மலையகத்தில் இருப்பவனுக்கு லெப்டொப்தான். கரண்ட் போனால் டெஸ்க்டொப் வெறும் பெட்டி. ஓ.எல். முடிந்து ஏ.எல்.லில் தகவல் தொழில்நுட்பம் எடுத்தால் கிளாஸுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், கெம்பஸ் கிடைத்தால் ஹொஸ்டலுக்கும் அதேதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் வீடு பண்டாரவளைப் பக்கம். 2025 நவம்பரில் டித்வா புயலின்போது மண் சரியப் போகிறது என்று இரவோடு இரவாக எழும்பி பாடசாலைக்குப் போனோம். ஆளுக்கு ஒரு பை. என் லெப்டொப் அந்தப் பைக்குள் இருந்தது. பக்கத்து வீட்டில் போன வருஷம்தான் வாங்கிய டெஸ்க்டொப்பைச் சேற்றுக்குள் இருந்து எடுத்தார்கள்.

சோல்டர் அண்ணன்:
அந்த வாரத்தை நாங்களும் மறக்கவில்லை தம்பி. ஆனால் என் மேசைக்கு ஒவ்வொரு வருஷமும் என்ன வருகிறது என்பதைச் சொல்கிறேன். ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் இடி தொடங்கிவிட்டால் ரவுட்டர், டீவி, கணினி எல்லாம் வரிசையில் நிற்கும். டெஸ்க்டொப்பில் பெரும்பாலும் பவர் சப்ளையோடு போய்விடும், வேறொன்று போட்டால் அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். லெப்டொப்பில் சார்ஜ் ஏறும் பகுதி எரிந்தால் முழு போர்டையும் பார்க்க வேண்டும். அதைக் கொழும்புக்கு அனுப்பி, பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் யாராவது அதே மொடல் போர்ட் வைத்திருக்கிறார்களா என்று தேடி, கடைசியில் புதிதே வாங்கியிருக்கலாம் என்ற விலை வரும்.

பேராதனை மழை:
இடி இடித்தால் லெப்டொப்பின் வயரைப் பிடுங்கிவிட்டு பெட்டரியில் வேலையைத் தொடரலாமே. டெஸ்க்டொப்பில் அது முடியுமா?

சோல்டர் அண்ணன்:
வேலையைத் தொடரலாம், கேம் ஆட முடியாது. பெட்டரியில் போனதும் கார்டின் வேகம் பாதிக்குக்கூட வராது. லெப்டொப்பில் 'ஆர்.டி.எக்ஸ் 4060' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தாலும் ஒன்றில் 35 வொட் கொடுத்திருப்பார்கள், இன்னொன்றில் 115. பெயர் ஒன்று, வேகம் வேறு. கடையில் அந்த எண்ணைக் கேட்டுப்பாருங்கள், பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது.

நேர்கோடு:
நான் தலவாக்கலைப் பக்கம் கணிதம் படிப்பிக்கிறேன். மூன்றாவது வழியைச் சொல்கிறேன்: இப்போது எதையும் வாங்காதீர்கள். தோட்டத் தொழிலாளருக்கு 2024இல் முடிவான 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்குப் போட்டால் இரண்டரை இலட்சம் என்பது 185 நாள் கொழுந்து பறித்த கூலி. அதைக் கொடுத்து, ஓ.எல்.லுக்கு ஒரு வருஷம் இருக்கும்போது பிள்ளையின் கவனத்தை நாமே கலைக்க வேண்டுமா? என் வகுப்பில் ஒரு பையனுக்கு இரண்டாம் தவணையில் கணினி வந்தது. மூன்றாம் தவணை ரிப்போர்ட்டில் அப்பாவின் கையொப்பத்தைப் பையனே போட்டுக்கொண்டு வந்தான். பரீட்சை முடியட்டும். ஏ.எல். வகுப்பு தொடங்கும்வரை மாதக்கணக்கில் சும்மாதானே இருப்பான், அப்போது வாங்கிக் கொடுங்கள்.

பதுளை ஸ்பைக்:
சேர், எனக்கு வயது 16. கணினி இல்லாத வீட்டில் போன் இருக்கிறது. போனில் போர்வைக்குள்ளே விளையாடுவதை யாரும் பார்க்க முடியாது. ஹோலில் வைத்த மொனிட்டரில் என்ன ஓடுகிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அத்தோடு அந்தக் காசு மாமா கத்தாரில் இருந்து அனுப்புவது என்று ஆன்ட்டி முதலிலேயே எழுதியிருக்கிறார், கொழுந்துக் கணக்கு எதற்கு?

நேர்கோடு:
கத்தாரில் மட்டும் காசு மரத்திலா காய்க்கிறது தம்பி? அங்கேயும் ஒருவர் வெயிலில் நின்றுதான் அனுப்புகிறார்.

பதுளை ஸ்பைக்:
சரி சேர். ஆன்ட்டிக்கு ஒன்று சொல்கிறேன். கார்டைவிட முதலில் இணைப்பைப் பாருங்கள். வெலோரன்ட் நமக்குக் கிட்ட மும்பை, சிங்கப்பூர் சேர்வரில்தான் ஓடும். எங்கள் வீட்டில் 4ஜி ரவுட்டர். மழை கொட்டும் நாளில் பிங், அதாவது சேர்வர் பதில் தர எடுக்கும் நேரம், தாறுமாறாக ஏறும். ரவுட்டரை ஜன்னலோரமாக டவரைப் பார்த்து வைத்தால் கொஞ்சம் தேவலை. உங்கள் பக்கம் ஃபைபர் இருந்தால் அதையே எடுங்கள். ஜி.டி.ஏ. 5 மட்டும் 100 ஜி.பி.க்கு மேல். நைட் டேட்டாவில் இறக்கலாம், இல்லாவிட்டால் நண்பனிடம் இருந்து ஹார்ட் டிஸ்கில் ஃபோல்டரைக் கொண்டுவந்து போட்டால் விடுபட்டதை மட்டும் இறக்கிக்கொள்ளும்.

நேர்கோடு:
நைட் டேட்டா. நள்ளிரவுக்கு மேல் விழித்திருக்க இன்னொரு காரணம்.

கண்டி சிக்கனம்:
எதற்கு இவ்வளவு சண்டை? கொழும்பில் பழைய ஒஃபிஸ் கணினி கிடைக்கும், டெல், எச்.பி., கோர் ஐ5 ஆறாம் தலைமுறை. அதில் ஒரு பழைய ஆர்.எக்ஸ் 580 கிராஃபிக்ஸ் கார்ட் போடுங்கள். பாதிக் காசில் வேலை முடிந்தது, மிச்சத்தை வங்கியில் போடுங்கள்.

சோல்டர் அண்ணன்:
சிக்கனம் அண்ணே, ஐந்து வருஷத்துக்கு முன்னால் என்றால் நானே அதைத்தான் சொல்லியிருப்பேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு முடிந்தது. விண்டோஸ் 11க்கு இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும். சுற்றுவழியில் ஏற்றலாம்தான். ஆனால் விண்டோஸ் 11இல் வெலோரன்ட் டி.பி.எம். 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும், அங்கே மாட்டிக்கொள்வீர்கள்.

ஆர்.எக்ஸ் 580 வேறு கதை. 2022 செப்டம்பரில் எதீரியம் என்ற கிரிப்டோ நாணயத்தை கார்டுகளை ஓட்டிச் சம்பாதிக்கும் மைனிங் நின்றதும் இரவு பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்தன. சூட்டைக் கடத்தும் தெர்மல் பேட் காய்ந்து, ஃபேன் ஆடும். '2048எஸ்.பி.' என்று ஒரு வகை இருக்கிறது, பெயர் 580, உள்ளே இருப்பது அதைவிடக் குறைந்த 570இன் அளவு. வாங்குவதென்றால் கடையிலேயே அரை மணி நேரமாவது கேம் ஓடவிட்டுப் பாருங்கள். ஓடவிட மாட்டோம் என்றால் நடையைக் கட்டுங்கள்.

கண்டி சிக்கனம்:
எல்லாப் பழைய கார்டும் கெட்டது என்று சொன்னால் உங்கள் கடையில் எதை விற்கிறீர்கள்?

சோல்டர் அண்ணன்:
நான் கார்ட் விற்பதில்லை, கெட்டதைத் திருத்துகிறேன். நீங்கள் சொல்வதைக் கேட்டு எல்லோரும் வாங்கினால் எனக்கு வருமானம்தான்.

நேர்கோடு சேருக்கும் ஒன்று. பிள்ளையின் படிப்பைப் பற்றி நீங்கள் சொன்னதற்கு நான் எதிர்ப்பேச்சுப் பேசவில்லை. ஆனால் பொறுத்து வாங்கினால் விலை இறங்கும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022இல் இருநூறு ரூபாய்க் கணக்கில் இருந்த டொலர் சில மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இப்போது ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி போவதால் 2025 கடைசியில் இருந்து ரேம் விலை ஏறிவிட்டது. எதைப் பொறுத்தாலும் ரேமை இப்போதே எடுத்துவிடுங்கள்.

கொட்டகலைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. என் வீட்டுக்காரருக்கு ஃபெக்டரியில் இரவு வேலை, பகலில் தூங்குவார், அதனால் சத்தம் கூடாது. இன்னொன்று, பக்கத்து வீட்டில் கணினியின் கேஸைத் தொட்டால் சுள்ளென்று இழுக்கிறது. அது ஏன்? கடையில் தந்த கொட்டேஷனையும் போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்: கோர் ஐ3 12100எஃப், 16 ஜி.பி. ரேம் ஒன்று, 500 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 'கேமிங் பவர் சப்ளை 600 வொட்', ஆறு ஃபேனோடு கலர் லைட் கேஸ், 24 அங்குல மொனிட்டர். கிராஃபிக்ஸ் கார்ட் பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றார்கள்.

சோல்டர் அண்ணன்:
அக்கா, அந்த 'எஃப்' எழுத்தைப் பாருங்கள். எஃப் என்றால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்ட் போடும்வரை மொனிட்டரில் படமே வராது. ஃபேன் ஆறும் சுற்றும், லைட் எரியும், திரை கறுப்பாக இருக்கும். கடைக்காரருக்கு இது தெரியாமல் இருக்காது, அடுத்த நாளே கார்ட் வாங்க வருவீர்கள் என்ற கணக்கு.

பவர் சப்ளைக்குப் பெயரே எழுதவில்லை. லைட் கேஸில் போகும் காசை அங்கே போடுங்கள், நல்ல கம்பெனியின் 550 வொட் போதும். பெயரில்லாத ஒன்றைக் கழற்றினால் உள்ளே பாதிச் சாமானே இருக்காது. ஒன்றில் பல்லி வெந்து கிடந்தது, காற்று போகும் ஓட்டை அவ்வளவு பெரிது. கொட்டகலைக் குளிருக்கு ஆறு ஃபேன் தேவையேயில்லை, இரண்டு போதும், அண்ணன் தூங்கவும் வசதி. 16 ஜி.பி.யை எட்டு எட்டாக இரண்டு துண்டாகக் கேளுங்கள். 5600ஜி ரேமைத்தான் கிராஃபிக்ஸுக்கும் பயன்படுத்துகிறது, ஒற்றைத் துண்டு என்றால் கேம் திக்கும்.

சுள்ளென்று இழுப்பது எர்த், அதாவது நிலத்துக்குப் போகும் வயர், இல்லாததால். பவர் சப்ளையில் இருக்கும் சிறு கசிவு மின்சாரம் எர்த் வழியாகப் போக வேண்டும். இரண்டு முள் அடெப்டரில் செருகினால் போக வழியில்லாமல் கேஸில் நிற்கும். கணினி வாங்குவதற்கு முன்பே ஒரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தும், மின்கசிவு வந்தால் கரண்டை நிறுத்தும் ட்ரிப் சுவிட்சும் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் வோல்ட்டேஜை சரிக்கட்டும் யூ.பி.எஸ். ஒன்று, 650 வி.ஏ. அளவில். ஏழு மணிக்கு பல்பு மங்கும் வீட்டில் அது இல்லாமல் டெஸ்க்டொப் வேண்டாம். ஆனால் இடிக்கு யூ.பி.எஸ்.ஸை நம்பாதீர்கள். பிளக்கைக் கையால் பிடுங்க வேண்டும், ரவுட்டர் வயரையும் சேர்த்து.

பேராதனை மழை:
எர்த், ட்ரிப் சுவிட்ச், யூ.பி.எஸ்., மொனிட்டர், மேசை. இத்தனையும் சேர்த்தால் 'மலிவான' டெஸ்க்டொப் லெப்டொப் விலைக்கே வந்துவிட்டது, கவனித்தீர்களா?

சோல்டர் அண்ணன்:
எர்த் லெப்டொப்புக்கும்தான் வேண்டும் தம்பி. வீட்டில் மனுசர் இருக்கிறார்கள், அவர்களுக்கும் வேண்டும்.

கொட்டகலைக்காரி:
சரி, டெஸ்க்டொப் என்று முடிவெடுத்துவிட்டேன். 5600ஜி, ரேம் இரண்டு துண்டு, ஹோலில் வைப்பது. நேர்கோடு சேர் சொன்னதையும் விடவில்லை. தனி கார்ட் ஓ.எல். முடிந்த பிறகுதான் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். அப்படியென்றால் ஜி.டி.ஏ. 6 வரும்போது என்ன செய்வது என்று கேட்கிறான்.

பதுளை ஸ்பைக்:
ஆன்ட்டி, அதை பிளேஸ்டேஷன் 5க்கும் எக்ஸ்பொக்ஸுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். கணினிக்குத் திகதியே சொல்லவில்லை. அவனுக்கு அது நன்றாகத் தெரியும்.

பேராதனை மழை:
இரண்டு மூன்று வருஷத்தில் கெம்பஸ் கிடைத்ததும் லெப்டொப் கேட்டு இதே இடத்துக்கு வருவீர்கள் அக்கா.

நேர்கோடு:
கெம்பஸ் கிடைத்தால் மகாபொல உதவித்தொகையில் அவனே வாங்கட்டும்.

கொட்டகலைக்காரி:
அந்தக் கடையில் எஃப் பற்றிக் கேட்டேன். 'ஓ, அது டைப்பிங் மிஸ்டேக் மிஸ்' என்றார்கள். வேறு கடை பார்க்கிறேன். கொட்டகலைப் பக்கம் எர்த் அடிக்கத் தெரிந்த எலெக்ட்ரீஷியன் யாரையாவது தெரிந்தால் சொல்லுங்கள்.