1999-ல் சிங்கப்பூரின் ஜூரோங் பன்றி அறுப்புக்கூடத்துக்கு நிபா வைரஸ் எப்படி வந்தது?

தேக்காவாசி:
அறுப்புக்கூடத்தில் வேலை பார்த்த 11 பேருக்கு நிபா வந்து ஒருவர் இறந்துபோனார் என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். பொங்கோல் பன்றிப் பண்ணைகளையெல்லாம் அதற்கு முன்பே எடுத்துவிட்டார்களே, பிறகு எங்கிருந்து வந்தது? இது புது வைரஸ் என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஈப்போக்காரன்:
மலேசியாவிலிருந்து உயிரோடு வந்த பன்றிகள்தான் தம்பி. 1998 செப்டம்பர் வாக்கில் எங்கள் ஈப்போ பக்கம் பண்ணையாட்களுக்குக் காய்ச்சல், தலைவலி, அப்புறம் நினைவு தப்புவது என்று ஆரம்பித்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று முடிவு கட்டி ஊரெல்லாம் கொசுப்புகை அடித்தார்கள், தடுப்பூசியும் போட்டார்கள், ஊசி போட்டவர்களும் படுத்தார்கள். அங்கேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்தக் காய்ச்சல் பெரும்பாலும் பிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்ததோ பன்றியோடு புழங்கிய வளர்ந்த ஆண்கள். பக்கத்திலேயே குடியிருந்தும் பன்றிப் பக்கம் போகாத மலாய்க் குடும்பங்கள் தப்பித்தன. கொசு ஆள் பார்த்தா கடிக்கும்? போதாததற்குப் பன்றிகளே நாய் குரைப்பது மாதிரி இருமிக்கொண்டிருந்தன.

லேப்_வேலை:
அண்ணன் சொன்னது சரி, ஆனால் சந்தேகம் மட்டும் போதாதே, வைரஸைப் பிடித்துக் காட்ட வேண்டும். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் மாதிரியை வளர்த்துப் பார்த்தபோது, செல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெரிய பெரிய கும்பலாகிவிட்டன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸ் அப்படிச் செய்யாது. மாதிரியை அமெரிக்காவுக்கு எடுத்துப்போய்ப் பார்த்ததில் ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா வைரஸுக்குச் சொந்தம் என்று தெரிந்தது. நிபா என்ற பெயர் மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துச் சுங்கை நிப்பா கிராமத்திலிருந்து வந்தது. இங்கே சிங்கப்பூரில் பன்றி இறக்குமதியை நிறுத்தி, அறுப்புக்கூடத்தை மூடியதும் புதிதாக யாருக்கும் வரவில்லை. மலேசியாவில்தான் 105 பேர் போய்விட்டார்கள், கொன்ற பன்றிகள் பத்து லட்சத்துக்கும் மேல்.

தேக்காவாசி:
நன்றி. பன்றிக்கு யார் கொடுத்தது? இறைச்சி சாப்பிட்டவர்களுக்கு வரவில்லையா?

லேப்_வேலை:
பழந்தின்னி வௌவால். கொட்டகையை ஒட்டி மாமரம் வைத்திருந்தார்கள், வௌவால் கடித்துப்போட்ட பழத்தைப் பன்றி தின்றிருக்கும் என்பதுதான் பெரும்பாலானவர்கள் ஒப்புக்கொள்ளும் விளக்கம். சிங்கப்பூரில் செய்த ஆய்வில் உயிரோடு இருக்கும் பன்றியைத் தொட்டு வேலை செய்ததுதான் முக்கியக் காரணம் என்று வந்தது. நன்றாக வேகவைத்த இறைச்சியில் வைரஸ் பிழைக்காது, மாமாவை நிம்மதியாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.