கறுத்துப்போன குவாக்கமோலே: எங்க குடும்பக் குழுவுல ஒரு ஞாயித்துக்கிழமை

கவிதா (ஹூஸ்டன்): மீனாக்கா இருக்கீங்களா, ஒரு அவசரம். நேத்து சாயங்காலம் பேக்யார்டுல பத்து பேருக்கு சாப்பாடு, எட்டு அவகாடோ வாங்கி குவாக்கமோலே பண்ணேன், பாதிய கிண்ணத்துல போட்டு வெளிய டேபிள்ல வச்சேன் மீதிய அப்பவே டப்பாவுல போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சிட்டேன். இப்ப காலையில திறந்து பாத்தா டப்பாவுல இருக்கிறது மேல பூரா காப்பிப்பொடி கலர்ல இருக்கு

கவிதா (ஹூஸ்டன்): 📷

கவிதா (ஹூஸ்டன்): கொட்டிரவா?

பெரிய மாமா: கலர் மாறிட்டா தொடவே தொடாதம்மா. பிரியா வேற மாசமா இருக்கா

சுதா சித்தி: குவாக்கமோலேன்னா என்னடி அது

கவிதா (ஹூஸ்டன்): நம்ம கொடைக்கானல் பக்கம் பட்டர் ஃப்ரூட்டும்பாங்கல்ல சித்தி, அத மசிச்சு வெங்காயம் பச்சமிளகா கொத்தமல்லி உப்பு எலுமிச்சை போட்டுப் பிசையறது. மெக்சிகோக்காரங்க சாப்பாடு. எங்க பக்கத்து வீட்டு மெக்சிகோ அம்மா இதுக்குன்னே மூணு கால் வச்ச கருங்கல் உரல் வச்சிருக்காங்க, மோல்காஹேத்தேன்னு பேரு, பாத்தா நம்ம அம்மிக்குத் தங்கச்சி மாதிரி இருக்கும்

சுதா சித்தி: பட்டர் ஃப்ரூட்டா! தாண்டிக்குடியில காப்பித் தோட்டத்துக்குள்ள அந்த மரம் நிக்கும், நாங்க சீனி போட்டு பால் ஊத்தி அடிச்சுக் குடிப்போம். அது அறுத்து வச்சாலே கறுத்துரும்டி, வாழைப்பூ வாழைக்கா மாதிரி. அதுக்குத்தான வாழைப்பூவ ஆய்ஞ்ச கையோட மோர்த்தண்ணியில போடுறது

மீனா: சித்தி சொன்னதுதான் முழு விஷயமும் 👏 பழத்துக்குள்ள பாலிஃபீனால் ஆக்ஸிடேஸ்னு ஒரு என்சைம் இருக்கு கவி, மசிச்சதும் அது வெளிய வந்து காத்து படுற இடத்துல எல்லாம் பழுப்பாக்கிரும், மோர்ல இருக்கிற புளிப்பும் தண்ணியும் வாழைப்பூவுக்கு என்ன பண்ணுதோ அதத்தான் இதுக்கு எலுமிச்சை பண்ணுது. அதனால வெறும் கறுப்புக்கும் கெட்டுப்போறதுக்கும் சம்பந்தம் இல்ல. ஸ்பூனால மேல லேசா வழிச்சுப் பாரு

கவிதா (ஹூஸ்டன்): 📷 வழிச்சேன்கா, அரை இஞ்சுக்குக் கீழ பளிச்சுனு பச்சையா இருக்கு!! வாசனையும் நல்லா இருக்கு

மீனா: பூசணம் இல்ல, நுரை இல்ல, கொழகொழன்னு இல்ல, புளிச்ச வாடை இல்லல்ல? அப்ப டப்பா ஓகே. மேல கறுத்தது கசக்கும், அத எடுத்துப் போட்டுட்டு இன்னைக்கு நாளைக்குள்ள முடிச்சிருங்க

பெரிய மாமா: நீ சொன்னா சரி மீனா

மீனா: அந்தக் கிண்ணம் என்ன ஆச்சு கவி

கவிதா (ஹூஸ்டன்): அது நல்லா இருக்குக்கா, அதுதான் ஆச்சரியம். வர்றவங்க எல்லாம் எலுமிச்சைய பிழிஞ்சு பிழிஞ்சு கிளறிக்கிட்டே இருந்தாங்க, ராத்திரி உள்ள எடுத்து வச்சேன், இப்பவும் பச்சையாத்தான் இருக்கு. பிரியாவுக்கு அதத்தான் டோஸ்ட்ல தடவிக் குடுக்கலாம்னு எடுத்து வெளிய வச்சிருக்கேன்

மீனா: குடுக்காத

மீனா: எத்தன மணில இருந்து எத்தன மணி வரைக்கும் வெளிய இருந்துச்சு?

கவிதா (ஹூஸ்டன்): ஆறு மணிக்கு வச்சோம், எடுக்கும்போது பத்து இருக்கும்

மீனா: அங்க வெயில்?

கவிதா (ஹூஸ்டன்): ஆறு மணிக்கே 34 டிகிரி

மீனா: அப்ப அதக் கொட்டிரு கவி, யோசிக்கவே வேணாம். சாதாரணமா வெளிய ரெண்டு மணி நேரம், 32 டிகிரிக்கு மேல போனா ஒரு மணி நேரம், அவ்வளவுதான் கணக்கு. உன்னோடது நாலு மணி நேரம், அதுவும் பத்து பேரு சிப்ஸ் போட்டுத் தோய்ச்சது. எலுமிச்சை கலரத்தான் காப்பாத்தும், அந்தச் சூட்டுல பெருகுற கிருமிய அத நம்பி விட முடியாது. அப்புறம் ஃப்ரிட்ஜ்ல வச்சாலும் பெருகினது பெருகினதுதான்

சுதா சித்தி: அப்ப கறுத்தத வச்சுக்கணும் பச்சையா இருக்கிறதக் கொட்டணும்ங்கிற

மீனா: ஆமா சித்தி, இந்த வீட்டுல இன்னைக்கு அதேதான். கலரப் பாக்காதீங்க, எவ்வளவு நேரம் வெளிய கெடந்துச்சுன்னு பாருங்க

பிரியா: அக்கா நான் டப்பாவுல இருக்கிறத சாப்பிடலாமா? 🙈 ஆசையா இருக்கு

மீனா: கவி பழத்த அறுக்கிறதுக்கு முன்னாடி கழுவினியா?

கவிதா (ஹூஸ்டன்): இல்லக்கா, தோலத்தான் சாப்பிடப்போறதில்லையேன்னு...

மீனா: எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறோம். எஃப்டிஏ, அதான் அமெரிக்காவோட உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, 2014ல இருந்து 2016 வரைக்கும் அவகாடோவ எடுத்து டெஸ்ட் பண்ணாங்க, டெஸ்ட் பண்ண தோல் சாம்பிள்ல 17 சதவீதத்துக்கும் மேல லிஸ்டீரியாங்கிற கிருமி இருந்துச்சு, உள்ள சதை சாம்பிள்ல 0.24 சதவீதம்தான். கத்தி தோல் வழியா இறங்கும்போது அதையும் உள்ள இழுத்துட்டுப் போகும். குழாய்த் தண்ணியில நல்லா தேய்ச்சுக் கழுவி, துடைச்சுட்டு அறுக்கணும். லிஸ்டீரியா ஃப்ரிட்ஜ் குளிர்லயும் வளரும், மாசமா இருக்கிறவங்களுக்கு லேசா காய்ச்சல் மாதிரி வந்துட்டுப் போயிரும் ஆனா வயித்துல இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து. அதனால பிரியா கண்ணு, உனக்கு டப்பா வேணாம், கழுவி அறுத்த புதுப்பழத்துல அப்பப்ப பண்ணிச் சாப்பிடு, சரியா

பிரியா: சரிக்கா ❤️

பெரிய மாமா: முழுப்பழத்த தண்ணிக்குள்ள போட்டு ஃப்ரிட்ஜ்ல வச்சா வாரக்கணக்குல கெடாதுன்னு ஒரு வீடியோ வந்துச்சே

மீனா: வேணாம் மாமா, அதப் பண்ணாதீங்கன்னு எஃப்டிஏவே 2022ல சொல்லிட்டாங்க, தோல்ல இருக்கிற கிருமி தண்ணியில ஊறி சதைக்குள்ள போகலாம்

கவிதா (ஹூஸ்டன்): அடுத்த தடவை எப்படி வைக்கணும்கா? இந்தத் தடவை கொட்டைய நடுவுல வச்சேன், ஒண்ணும் வேலைக்கு ஆகல

மீனா: கொட்டை தனக்கு அடியில இருக்கிற இடத்துக்கு மட்டும்தான் காத்து படாம மறைக்கும். உன் போட்டோவுல டப்பா பெருசு, மூடிக்கும் குவாக்கமோலேக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி, கறுத்தது அந்தக் காத்துலதான். சின்ன டப்பாவா எடுத்து ஸ்பூனால அமுக்கி அமுக்கி மேல மட்டமாக்கிட்டு பிளாஸ்டிக் ராப்ப அது மேலயே ஒட்டினாப்புல போட்டுத் தடவி விடு, அப்புறம் மூடி. ராப் இல்லன்னா மேல அரை இஞ்சு தண்ணி ஊத்தி மூடி வச்சிட்டு மறுநாள் சாய்ச்சு ஊத்திட்டுக் கிளறு, உப்பு மட்டும் கொஞ்சம் பாத்துக்கோ. தக்காளி நீர் விட்டுரும், சாப்பிடும்போது சேத்துக்க. நிறைய நாள் வேணும்னா வெறும் பழத்த எலுமிச்சையோட மசிச்சு ஜிப் பையில தட்டையா ஃப்ரீசர்ல போட்டுரு, வெங்காயம் எல்லாம் அப்பறம்

சுதா சித்தி: அடுத்த வாரம் தாண்டிக்குடிக்காரரு கொண்டாந்தா நானும் ஒண்ணு பண்ணிப் பாக்குறேன், எனக்கு அம்மி இருக்கு

கவிதா (ஹூஸ்டன்): கிண்ணத்தக் கொட்டிட்டேன்கா. ரெண்டு பழம் மீதி இருக்கு, கழுவிட்டு பிரியாவுக்கு இப்பவே பண்றேன்

பிரியா: பச்சமிளகா நிறைய போடுங்க அண்ணி