சர்க்கரை இல்லாத குளிர்பானமும் பல் எனாமலைக் கரைக்குமா?

கேள்வி:
வேலை நேரத்தில் சர்க்கரை இல்லாத கோலா புட்டி ஒன்றைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவ்வப்போது ஒரு மிடறாகக் குடிப்பது என் வழக்கம். சொத்தை ஏதும் இல்லை. ஆயினும் முன்பற்களின் விளிம்பு கண்ணாடிபோல் ஒளி ஊடுருவுவதாகத் தெரிகிறது. குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. இதற்குப் பானம் காரணமாக இருக்குமா? குடித்தவுடன் பல் துலக்கினால் போதுமா?

மறுமொழி 1:
காரணமாக இருக்கலாம். சொத்தையில், வாயிலுள்ள பாக்டீரியாக்கள் சர்க்கரையிலிருந்து அமிலத்தை உண்டாக்குகின்றன. அமில அரிப்பிலோ பானத்தின் அமிலமே பல்லின் கடினமான மேலுறையான எனாமலை நேராகத் தாக்குவதால் அங்கே சர்க்கரைக்கு வேலையே இல்லை. எனாமலின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம், பி.எச். அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். கோலாவின் பி.எச். 2.5 அளவிலும், சர்க்கரை இல்லாதவற்றின் பி.எச். பெரும்பாலும் 3ஐ ஒட்டியும் இருக்கும். உமிழ்நீர் இந்த அமிலத்தைத் தணித்து, தன்னிடமுள்ள கால்சியத்தையும் பாஸ்பேட்டையும் கொண்டு இளகிய மேற்பரப்பை ஓரளவு இறுகச் செய்கிறது என்றாலும், அதற்கு அவகாசம் வேண்டும். தாங்கள் குடிக்கும் முறையில் அந்த அவகாசமே கிடைப்பதில்லை. உணவோடு ஒரே தடவையில் குடித்து முடிப்பது இதைவிட எவ்வளவோ மேல்.

மறுமொழி 2:
உடனே துலக்குவது நல்லதல்ல. அமிலம் பட்டு இளகிய எனாமலை பிரஷ் எளிதில் தேய்த்துவிடும் என்பதால், வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை பொறுத்து, ஃபுளோரைடு பற்பசையால் மென்மையாகத் துலக்குங்கள். பி.எச். எண்ணை மட்டும் பார்த்து முடிவு செய்துவிடவும் முடியாது. தயிரும் புளிப்புதான், ஆனால் அதிலேயே கால்சியமும் பாஸ்பேட்டும் நிறைந்திருப்பதால் அது எனாமலை அரிப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றின் சிட்ரிக் அமிலமோ கால்சியத்தைப் பற்றி இழுத்துக்கொள்ளும் தன்மையுடையது. இயற்கையானது என்று சொல்லி அதற்கு மாறுவதில் பயனில்லை.

கேள்வி கேட்டவர்:
நன்றி. இனிப்பும் சுவையும் சேர்க்காத சோடா நீர் குடிக்கலாமா?

மறுமொழி 1:
தாராளமாக. சோடா நீரிலுள்ள கார்பானிக் அமிலம் வலுக் குறைந்தது. கோலாவோடு ஒப்பிட்டால் அரிப்பு மிகவும் சொற்பம். எலுமிச்சைச் சுவை சேர்த்தவற்றைத் தவிருங்கள்.

மறுமொழி 3:
பல் மருத்துவரிடம் அவசியம் காட்டுங்கள். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைத்தபின் இருப்பதில்லை. தேய்ந்துபோன பகுதி மீண்டும் வளராது. நெஞ்செரிச்சல் உண்டென்றால் அதையும் சொல்லுங்கள். இரைப்பை அமிலம் மேலேறி வருபவர்களுக்கு மேல் முன்பற்களின் உட்புறமே பெரும்பாலும் முதலில் தேய்வதால், அப்பகுதியைப் பார்த்தால் காரணம் பானம் மட்டும்தானா என்பதை மருத்துவரால் ஊகிக்க இயலும்.