பேஸ்மேக்கர் பேட்டரி 10 வருஷம் என்றால் ஆயுளும் 10 வருஷம்தானா?

தென்றல்78

76 வயது ஆண். கம்ப்ளீட் ஹார்ட் பிளாக். டூயல் சேம்பர் பேஸ்மேக்கர் (மேலறைக்கு ஒன்று, கீழறைக்கு ஒன்று என இரண்டு வயர்) வைத்து 2 வருடம் ஆகிறது. சர்க்கரை உண்டு, கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) 1.7. கருவி வைக்கும்போது எக்கோவில் இ.எஃப். (இடது கீழறை ஒரு துடிப்பில் வெளியே தள்ளும் ரத்தத்தின் சதவீதம்) 58, போன வாரம் 46. மூச்சுவாங்கல் இல்லை, கால் வீக்கம் இல்லை. பேட்டரி இன்னும் 8 வருடம் வரும் என்று ரிப்போர்ட் சொல்கிறது. "பேட்டரி இருக்கிற வரைக்கும் உயிருக்குப் பயமில்லை" என்பது உறவினர்களின் கணக்கு. உண்மையில் இப்படிக் கருவி வைத்தவர்களின் ஆயுளைக் குறைப்பவை எவை? அடுத்த செக்கப்பில் எதைக் கேட்க வேண்டும்?

நாடிக்கணக்கு

பேட்டரிக்கும் ஆயுளுக்கும் முடிச்சுப் போடவே வேண்டாம். உடலுக்குள் முழுதாகப் பொருத்திய முதல் பேஸ்மேக்கர் 1958 அக்டோபர் 8 அன்று ஸ்டாக்ஹோமில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அந்தக் கருவி சில மணி நேரமே தாக்குப்பிடித்தது. மனிதர் 2001 வரை, 86 வயது வரை இருந்தார். அதற்குள் 26 கருவிகள் மாறின. கடைசியில் அவரைக் கொண்டுபோனது தோல் புற்றுநோய், இதயம் அல்ல.

முதலில் ஒரு சொல் குழப்பம். நம் ஊரில் "பிளாக்" என்றதும் ரத்தக்குழாய் அடைப்பு என்று நினைத்து, "ஸ்டென்ட் வைக்கவில்லையா?" என்று கேட்பார்கள். ஹார்ட் பிளாக் என்பது மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பு இறங்காமல் போவது. பேஸ்மேக்கர் வருவதற்கு முந்தைய காலத்தில், இதனால் மயங்கி விழத் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் ஒரு வருடத்துக்குள் இறந்தார்கள். ஆகவே இந்த நோய்க்குப் பேஸ்மேக்கர் நிச்சயமாக உயிர் காப்பது. சைனஸ் கணு (மேலறையில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் இடம்) தளர்ந்தவர்களுக்கு வைப்பது வேறு கதை. அங்கே தலைசுற்றலும் மயக்கமும் தீரும், ஆயுள் பெரிதாகக் கூடாது.

நெதர்லாந்தின் ஃபாலோபேஸ் ஆய்வில் முதன்முறை கருவி வைத்த 1517 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். 1 வருடத்தில் 93%, 3 வருடத்தில் 81%, 5 வருடத்தில் 69%, 7 வருடத்தில் 61% பேர் உயிருடன் இருந்தார்கள். இதைப் பார்த்து மிரள வேண்டாம், பெரும்பாலோர் முதியவர்கள். இதய, ரத்தக்குழாய் நோய் வேறு எதுவும் இல்லாதவர்களின் ஆயுள், அதே வயதுப் பொதுமக்களின் ஆயுளை ஒட்டியே இருந்தது. ஆக, ஆயுளைக் குறைப்பது கூட வரும் நோய்கள்: இதயச் செயலிழப்பு, மாரடைப்பு வந்து தழும்பேறிய தசை, சர்க்கரை, சிறுநீரகப் பழுது, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை தாறுமாறாகத் துடிப்பது), நாள்பட்ட நுரையீரல் நோய், உடல் மெலிந்து தளர்ந்து போவது. நீங்கள் எழுதியதில் எனக்கு உறுத்துவது கிரியாட்டினின்.

புரோகிராமர்மேசை

எனக்கு உறுத்துவது அந்த 58, 46. இ.எஃப். 10 புள்ளிக்கு மேல் இறங்கி 50-க்குக் கீழே போனால், வேறு காரணம் இல்லாத பட்சத்தில், அதற்குப் பெயரே பேஸிங்கால் (கருவி துடிக்கவைப்பதால்) வந்த தசைத் தளர்ச்சி. வயரின் நுனி வலது கீழறையில் இருக்கிறது. துடிப்பு அங்கே கிளம்பி, தசை வழியாக மெல்ல ஊர்ந்து இடப்பக்கம் சேர்கிறது. இடது அறையின் இரு சுவர்களும் ஒரே நேரத்தில் சுருங்காமல் முன்னும் பின்னுமாக இழுக்கின்றன. மாதக்கணக்கில் இப்படியே ஓடினால் சிலருக்கு அறை விரிந்துவிடும்.

ரிப்போர்ட்டில் "வி.பி." என்று ஒரு சதவீதம் இருக்கும், கீழறையைக் கருவி எத்தனை முறை துடிக்க வைத்தது என்பது. 20 தாண்டினாலே கவனம், 40 தாண்டினால் எக்கோவைத் தள்ளிப்போடக் கூடாது. சைனஸ் கணு நோயாளி என்றால் ஏ.வி. இடைவெளியை (மேலறைத் துடிப்புக்குப் பின் கீழறையைத் தூண்டக் கருவி காத்திருக்கும் நேரம்) நீட்டி, சொந்தத் துடிப்புக்கு வழிவிட்டு இந்த எண்ணைக் குறைக்கலாம். கம்ப்ளீட் பிளாக்கில் சொந்தத் துடிப்பு இறங்கவே இறங்காது, குறைக்க வழியில்லை. அங்கே மாற்று, இரு கீழறைகளையும் சேர்த்துத் துடிக்கவைக்கும் சி.ஆர்.டி. அல்லது வயரை இதயத்தின் இயல்பான மின்பாதையின் இடது கிளைப் பகுதியில் பதிப்பது. 2013-இல் வந்த பிளாக் எச்.எஃப். ஆய்வில், ஏ.வி. பிளாக்கும் (மேலே சொன்ன ஹார்ட் பிளாக்) 50 அல்லது அதற்குக் கீழான இ.எஃப்.பும் உள்ள 691 பேரில் இரு கீழறை பேஸிங்கே மேலாக இருந்தது.

டூயல் சேம்பர் என்பதாலேயே ஆயுள் கூடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். 70 வயது தாண்டிய ஏ.வி. பிளாக் நோயாளிகள் 2021 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த யு.கே.பேஸ் ஆய்வில், ஒற்றை வயருக்கும் இரட்டை வயருக்கும் இறப்பில் வித்தியாசம் தெரியவில்லை.

கூடவே த்ரெஷோல்டையும் (இதயத்தைத் துடிக்கவைக்கத் தேவையான குறைந்தபட்ச மின்னழுத்தம்) வயர் இம்பீடன்ஸையும் (மின்தடை) பழைய ரிப்போர்ட்டுடன் ஒப்பிடுங்கள். த்ரெஷோல்ட் 0.4 மில்லிசெகண்டில் 0.75 வோல்ட் என்றால், வெளியீடு குறைந்தது அதன் இரு மடங்கு, 1.5 வோல்ட் இருக்க வேண்டும். இம்பீடன்ஸ் திடீரென்று எகிறினால் வயர் முறிவு அல்லது கனெக்டர் தளர்வு. 200 ஓமுக்குக் கீழே சரிந்தால் மேலுறை கிழிந்திருக்கும். கருவியை முழுக்க நம்பி ஓடும் இதயத்தில் இது சில நொடிகளில் மயக்கமாக முடியும்.

தென்றல்78

இரண்டு பேருக்கும் நன்றி. ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். வி.பி. 99%. த்ரெஷோல்ட் 0.5 வோல்ட், இம்பீடன்ஸ் 540, போன முறையும் ஏறக்குறைய இதே. "ஏ.எச்.ஆர்.இ. 11 முறை, நீண்டது 4 நிமிடம்" என்று ஒரு வரி. உடனே சி.ஆர்.டி.க்கு மாற்றிவிடலாமா?

பாக்கெட்காவல்

அவசரப்படாதீர்கள். புரோகிராமர்மேசை சொன்ன ஆய்வு, கருவியைப் புதிதாக வைக்கப் போகிறவர்களைப் பற்றியது. ஏற்கெனவே இருப்பதை மாற்றுவதற்கு வலுவான ஆதாரம் இ.எஃப். 35-க்குக் கீழே இறங்கியவர்களிடம்தான். 2023-இல் வந்த புடாபெஸ்ட் சி.ஆர்.டி. ஆய்வும் அப்படிப்பட்ட 360 பேரை வைத்துத்தான். 46-இல், மூச்சுவாங்கல் இல்லாதவருக்கு முதலில் வேறு காரணம் தேட வேண்டும்: கரோனரி நோய், அடங்காத ரத்த அழுத்தம், தைராய்டு. மருந்தைச் சரிசெய்து 3 மாதம் முதல் 6 மாதத்துக்குள் மறு எக்கோ. முடிந்தால் அதே லேபில், அதே ஆளிடம், ஏனென்றால் கை மாறினாலே இ.எஃப். 5 புள்ளி மாறும். மறுபடி இறங்கினால் அப்போது டாக்டரிடம் பேசுங்கள்.

தயக்கத்துக்குக் காரணம் பாக்கெட். தோலுக்குக் கீழே கருவி உட்காரும் அந்தப் பையை மறுபடி திறக்கும் ஒவ்வொரு முறையும் கிருமி புகும் வாய்ப்பு முதல் முறையைவிடக் கூடுதல். சர்க்கரையும் சிறுநீரகப் பழுதும் அதை இன்னும் ஏற்றும். கிருமி வயர் வழியாக இதயத்துக்குப் போனால் மாத்திரை போதாது; கருவி, வயர் எல்லாவற்றையும் எடுத்தாக வேண்டும். பழைய வயர் தசையோடு ஒட்டிப்போயிருக்கும், எடுப்பதே ஆபத்தான வேலை.

அறுவை நடந்தே தீர வேண்டுமென்றால்: முந்தைய 24 மணி நேரத்தில் காய்ச்சல் இருந்தால் தள்ளிவைக்க வேண்டும். கீறுவதற்கு முன் ஆன்டிபயாடிக் ஊசி கட்டாயம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர் என்றால், அதை நிறுத்தி ஹெப்பாரின் ஊசி போடும் பழைய வழக்கம் வேண்டாம். புரூஸ் கன்ட்ரோல் ஆய்வில் அப்படிச் செய்தவர்களில் 16% பேருக்குப் பாக்கெட்டில் ரத்தம் கட்டியது, வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5% மட்டுமே. பெரிதாகக் கட்டிய ரத்தம் பின்னால் கிருமித் தொற்றை 7 மடங்குக்கும் மேல் ஏற்றியது. கட்டியதை ஊசி போட்டு உறிஞ்ச யாரையும் விடாதீர்கள், அதுவே கிருமிக்குக் கதவு. தையல் ஆறிய பிறகு, எத்தனை மாதம் கழித்தும், அந்த இடம் சிவந்தாலோ தோல் மெலிந்து கருவியின் ஓரம் தெரிந்தாலோ அன்றே காட்டுங்கள்.

நாடிக்கணக்கு

அந்த ஏ.எச்.ஆர்.இ. வரிக்கு: மேலறை தாறுமாறாக ஓடிய நேரங்களைக் கருவி குறித்துவைத்திருக்கிறது. அசெர்ட் ஆய்வு 65 வயது தாண்டிய, ரத்த அழுத்தம் உள்ள 2580 பேரைப் பார்த்தது. 6 நிமிடத்துக்கு மேல் ஓடியவர்களுக்குப் பக்கவாத ஆபத்து சுமார் 2.5 மடங்கு, பிற்பாடு அலசியதில் அந்தக் கூடுதல் ஆபத்து 24 மணி நேரம் தாண்டியவர்களிடமே குவிந்திருந்தது. 4 நிமிடத்துக்காக ரத்தம் உறையாத மருந்து வேண்டாம், ஆனால் ஒவ்வொரு செக்கப்பிலும் "நீண்டது எவ்வளவு?" என்று கேளுங்கள். ஒருநாள் அந்த மருந்து வேண்டிவந்தால், கிரியாட்டினினைப் பார்த்துத்தான் அளவு.

வார்டுமுகப்பு

இதையொட்டி அடிக்கடி வரும் இன்னொரு கேள்வி: பேஸ்மேக்கர் இருந்தால் கடைசி நேரத்தில் உயிர் பிரியாமல் இழுத்துக்கொண்டு கிடக்குமா? கிடக்காது. தசைக்கு ஆக்ஸிஜன் போகாமல் அமிலம் ஏறியதும் துடிப்பு அனுப்பினாலும் அது சுருங்காது. மானிட்டரில் கோடு கோடாகப் பேஸிங் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் கழுத்தில் நாடி இருக்காது. அதனால் திரையை வைத்து முடிவுசெய்யக் கூடாது.

எரியூட்டுவதாக இருந்தால் கருவியை முன்பே எடுத்துவிட வேண்டும். மூடி முத்திரையிட்ட லித்தியம் பேட்டரி சூட்டில் வெடிக்கும். மின் தகன மேடையின் உட்சுவர் சேதமாகும், பக்கத்தில் நிற்பவருக்கும் ஆபத்து. பழைய தழும்பின் மேல் சிறு கீறல், வயரை வெட்டி, கருவியை எடுத்துத் தைத்துவிடலாம். ஷாக் கொடுக்கும் ஐ.சி.டி. என்றால் முதலில் புரோகிராமரில் (கருவியை வெளியிலிருந்து அமைக்கும் கணினி) ஷாக்கை அணைத்த பிறகே வயரை வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் எடுப்பவர் கையில் அடிக்கும். புதைப்பதாக இருந்தால் எடுக்கத் தேவையில்லை.