புதுப்பிப்பு: அம்மாவின் காசநோய் உணவுப் பணம் வந்துவிட்டது

அம்மாவுக்குக் காசநோய் மருந்து தொடங்கி ஐந்து வாரமாகியும் அரசு தரும் ஊட்டச்சத்துப் பணம் வரவில்லை என்று போன மாதம் எழுதியிருந்தேன். நேற்று 3,000 ரூபாய் ஏறிவிட்டது.

நாங்கள் கொடுத்த பாஸ்புக் ஒன்று, ஆதாரோடு இணைந்திருந்த கணக்கு வேறு. அதுதான் சிக்கல். இங்கே இரண்டு பேர் சரியாகச் சொன்னீர்கள், மிக்க நன்றி. பணம் தாமதமானால் முதலில் இதைப் பாருங்கள்.

ஒரு திருத்தம். மாதம் 500 என்று போட்டிருந்தேன். அது 2018-இல் நிக்ஷய் போஷன் திட்டம் (இந்தப் பணத்தைத் தரும் மத்திய அரசுத் திட்டம்) தொடங்கியபோது இருந்த தொகை. 2024 நவம்பரிலிருந்து 1,000. ஆறு மாதச் சிகிச்சைக்கு இரண்டு தவணை: ஆரம்பத்தில் 3,000, 84 நாள் முடிந்ததும் 3,000.

அப்புறம், ரேஷன் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அந்தியோதயா அட்டைக்கு (மிக ஏழைக் குடும்பங்களுக்கான ரேஷன் அட்டை) மாதம் 35 கிலோ அரிசி. முதியவர்களுக்கு மட்டும் என்று நான் எழுதியது தவறு. நிலையான வருமானம் இல்லாமல், உயிரைப் பறிக்கும் நிலையிலுள்ள, குணப்படுத்த முடியாத நோயோடு இருப்பவர் குடும்பத் தலைவரானால் அந்த வீட்டையும் சேர்க்கலாம் என்று விதியிலேயே இருக்கிறது. தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

அம்மா இப்போது தினமும் இரண்டு முட்டை சாப்பிடுகிறார். எடை ஒன்றரைக் கிலோ கூடியிருக்கிறது.